போயிட்டு வாங்க

விடிந்ததும் காவல் வேலை முடிந்து மேலே ஏறி வந்து படுத்தவன் இன்னும் தூங்கவில்லை. பகலில் தூங்குவது ஒரு பழக்கம், அதை நான் கஷ்டப்பட்டுப் பழகியிருக்கிறேன். ஜன்னலுக்குச் சாக்கு, காதுக்குப் பஞ்சு, இதெல்லாம் சின்ன விஷயம். கேட்கிற சத்தம் யாருடையது என்று மனசைப் போகவிடாமல் வைத்திருப்பதுதான் பெரிய வேலை. தெருவில் கைவண்டி போனால் கைவண்டி, அவ்வளவுதான், எவன் தள்ளுகிறான், என்ன பாரம் என்று கேட்க ஆரம்பித்தால் தூக்கம் போச்சு. இன்றைக்கு அது முடியவில்லை. கீழே சமையல் கூடத்தில் ஒரு குக்கர் விசில் அடித்தது, அது பரமக்குடி முத்துமாரியின் குக்கர், விசில் கொஞ்சம் கரகரக்கும், பையனுக்குக் கஞ்சி வைக்கிறாள் என்று மனசு தானாக இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. அப்புறம் ஒரு பாத்திரம் தேய்க்கிற சத்தம். அது சத்தியவாணி. அவள் தேய்க்கும்போது சத்தம் ஒரே சீராக இருக்கும், நடுவில் நிற்காது, யாரோ நிறுத்தச் சொல்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற மாதிரி. இன்று இந்த வீட்டைக் கொடுத்த ஹாஜியார் வருகிறார். சத்தியவாணி இந்த வீட்டில் இருக்கலாமா, ஊருக்குப் போக வேண்டுமா என்று இன்று முடிவு. நேற்று சாயங்காலம் நான் வேலைக்கு இறங்கும்போதே ஜெசிந்தா மேடம் சொல்லிவிட்டார், பகல் பொறுப்பு முழுக்க அவருடையது, "நாளைக்கு ஹாஜியார் வரும்போது நீங்களும் இருங்க தணிகாசலம். கதவைத் திறந்து உள்ளே விட்டது நீங்கதானே." திறந்தது நான்தான். திறப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்ன இருந்தாலும் மேடம் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதுதான் தொந்தரவு, அநியாயமாகச் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டுவிட்டு எப்போதோ தூங்கியிருப்பேன்.

இந்தச் சுவரில் உப்பு பூக்கிறது. படுத்தபடி விரலால் தடவினால் மாவு மாதிரி உதிரும், நாக்கில் வைத்தால் கரிக்கும். இது தோல் மண்டியாக இருந்த கட்டடம், ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் உப்புப் போட்டு அடுக்கியிருந்த இடம். தோல் எல்லாம் ராணிப்பேட்டைப் பக்கம் போய் வருஷக் கணக்காகிறது, ஆனாலும் உப்பு போகவில்லை. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் ஒரு மழைக்கு வெளியே வந்துவிடும். செங்கல்லுக்குள் நீர் நடக்கும், நடக்கும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு வரும் என்று எங்கேயோ படித்தேன். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிப் படிப்பவனுக்கு எங்கே படித்தோம் என்பது நினைவில் இருக்காது, பாதிப் பக்கம் கிழிந்திருக்கும், மீதியை நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். தோல் போனதும் மண்டி காலியாகக் கிடந்தது. எதிர்ச்சாரியில் கொஞ்ச தூரத்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரி. ஹாஜியார் கடைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரி மதில் ஓரமாக நடைபாதையில் மூன்று கல்லை வைத்து யாரோ கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்களாம். ஒரு நாள் அந்தப் புகை கண்ணில் பட்டு எரிந்திருக்கிறது. யாருப்பா நடுரோட்டில் அடுப்பு மூட்டுறது என்று திட்டுவதற்குத்தான் நின்றாராம். அந்த அம்மா, ஐயா ஒரு சொம்பு நல்ல தண்ணி கிடைக்குமா, பிள்ளைக்கு மாத்திரை போடணும் என்று கேட்டிருக்கிறாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்தவருக்கு வியாபாரம் ஓடவில்லை. இதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. "திட்டத்தான்பா நின்னேன்" என்பதைத்தான் இரண்டு முறை சொல்வார். அப்புறம் மண்டியை அறை அறையாகத் தடுத்து, பொதுவாக ஒரு சமையல் கூடம் போட்டு, வியாதிப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் காசில்லாமல் தங்கட்டும் என்று விட்டுவிட்டார். மகன்கள் சண்டை போட்டார்கள். லாட்ஜுக்குக் கேட்கிறார்கள், இந்த இடத்துக்கு என்ன மதிப்பு தெரியுமா என்றார்கள். எல்லாம் தெரிந்துதான் அவர் அதை வக்ஃபு எழுதிவிட்டார். இறைவன் பேருக்கு விட்டாகிவிட்டது, இனி விற்கவும் முடியாது, எதற்காக விட்டாரோ அதைத் தவிர வேறு எதற்கும் எடுக்கவும் முடியாது, விட்டவரே கேட்டாலும் முடியாது. "பசங்களை நம்பாம எழுதினேன்னு நினைக்கிறாங்க. என்னை நம்பாமத்தான் எழுதினேன். நாளைக்கு எனக்கே புத்தி மாறும், காசு அப்படி. அதான் என் கையையும் சேர்த்துக் கட்டிக்கிட்டேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. இப்போது படுத்துக்கொண்டு யோசித்தால் அந்தக் கட்டின கைதான் பயமாக இருக்கிறது. நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் தங்க என்று எழுதியிருக்கிறது. சத்தியவாணி பெற்றவள்தான். பிள்ளை இல்லை.

பிள்ளை பெயர் கோபிகா. என்னை ஆந்தை மாமா என்பாள். இரவு முழுக்க முழித்திருக்கிறேனே, அதனால். ரத்தத்தில் வந்த புற்று, மருந்து ஏற்றின நாட்களில் வாந்தி நின்ற பிறகு தூக்கம் வராமல் அம்மாவோடு கீழே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், மொட்டைத் தலையில் அம்மாவின் முந்தானையைப் போட்டுக்கொண்டு. ஆந்தையைப் பற்றிக் கேட்பாள். அவளுக்காகவே தேடிப் படித்தேன். ஆந்தைக்குக் கண்ணைத் திருப்ப முடியாது, கழுத்தைத்தான் திருப்பும் என்று சொன்ன மறுநாள் முழுக்க அவள் கண்ணைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டே இருந்தாளாம், நர்ஸு பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சத்தியவாணி வந்து சொன்னாள், "நல்லா சொல்லிக் குடுத்தீங்கண்ணா, எங்களுக்கு ஒரு ஸ்கேன் எழுதிட்டாங்க" என்று சிரித்தாள். சிரிப்பாள், அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள். சங்கராபுரம் பக்கத்தில் ஊர். வீட்டுக்காரர் முருகவேல் போர்வெல் லாரியில், சத்தீஸ்கர், ஒடிசா என்று குழி போடப் போய்விடுவார், மாதக் கணக்கில் வரமாட்டார். இந்த வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. வைத்தியம் முடிந்து ஊருக்குப் போகிறவர்களிடம் போயிட்டு வாங்க என்று யாரும் சொல்லக் கூடாது. அவர்களும் போயிட்டு வர்றோம் என்று சொல்லக் கூடாது. இங்கே திரும்பி வருவதென்றால் வியாதி திரும்பி வருவது. ஊரில் யாராவது போறேன் என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள், போயிட்டு வரேன்னு சொல்லு என்பார்கள், இங்கே அதைத் தலைகீழாகத் திருப்பிப் பழக வேண்டும், வந்த முதல் நாளே ஜெசிந்தா மேடம் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார். நல்லா இருங்க என்று சொல்ல வேண்டும், அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட வேண்டும். சாவு வீட்டிலும் சொல்லக் கூடாது, அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆக இரண்டு விதத்திலும் இந்த வாசலில் அந்த வார்த்தைக்கு இடம் கிடையாது.

கோபிகா போன அன்றைக்கு, விடியும் நேரம். பிள்ளையை ஏற்றின வண்டி தெருமுனையில் நின்றது. வீட்டு வாசலில் அந்த வண்டியை நிறுத்துவதில்லை, உள்ளே இருக்கிற பிள்ளைகள் பார்த்துவிடும். முருகவேல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார், லாரியிலிருந்து இறங்கி ரயில் ஏறி வந்தவர், காக்கிக் கால்சட்டையில் செம்மண் அப்படியே இருந்தது. சத்தியவாணி மட்டும் சாமான் எடுக்க வந்தாள். பாயைச் சுருட்டினாள். குக்கரை எடுக்கவில்லை, யாருக்காவது ஆகும்ணா என்றாள். மருந்துச் சீட்டெல்லாம் ஒரு பையில் இருந்தது, அதை எடுத்து, வைத்துவிட்டு, மறுபடி எடுத்தாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் இப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எதுவும் சொல்லாமல் நிற்பேன், அதுதான் சரி. அவள் படியிறங்கித் திரும்பி, "போயிட்டு வரேண்ணா" என்றாள். நான், "போயிட்டு வாங்கம்மா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. நாலு வயதில் பழக்கிவிட்ட வாய். சொன்ன பிறகு இரண்டு பேருக்குமே காதில் விழுந்தது. அவள் கொஞ்சம் நின்றாள். சரி என்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். வண்டி கிளம்பினதும் நான் உள்ளே வந்து முகம் கழுவினேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியாது.

சின்னப் பிள்ளை, புதைத்திருப்பார்கள், பால் ஊற்றி முடித்திருப்பார்கள். முருகவேல் மறுபடி லாரிக்குப் போய்விட்டார், பிள்ளை வைத்தியத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தது, போகாமல் முடியாது. கொஞ்ச நாள் கழித்து ஒரு நாள் பால் வண்டி வருகிற நேரத்தில் கேட்டைத் தட்டினாள். கையில் ஒரு துணிப்பை. எனக்கு முதலில் யாரென்றே தெரியவில்லை, பிள்ளை பக்கத்தில் இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. "வாங்கன்னு சொன்னீங்களேண்ணா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் திறந்தேன். வேறென்ன செய்வது, நான் சொன்னது வாய் தவறிச் சொன்னதும்மா என்று கேட்டுக்குள் நின்றுகொண்டு சொல்ல முடியுமா. இதைத்தான் விடிந்ததிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன். முடியும். சொல்லியிருக்கலாம். மனுஷர்கள் சொல்கிறார்கள். வந்தவள் அறை கேட்கவில்லை. அரிசி மூட்டை வைக்கிற சின்ன அறையில் படுத்துக்கொள்கிறாள். பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு ஓடுகிற அம்மாக்களுக்குக் கஞ்சி வைத்துத் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். எந்தப் பிள்ளைக்கு வாய்ப்புண், எதற்கு மிளகு ஆகாது, யாருக்கு இன்றைக்குக் கவுண்டு எவ்வளவு, எல்லாம் தெரியும். கவுண்டு என்றால் ரத்தத்தில் வெள்ளை அணு எத்தனை என்பது. இங்கே சாப்பிட்டீங்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள், கவுண்டு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். கவுண்டு இருந்தால் பிள்ளை வாசலில் விளையாடலாம், இறங்கினால் முகமூடி, காய்ச்சின தண்ணீர், தனி அறை. எல்லாருக்கும் அவள் உதவியாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் முத்துமாரி முந்தாநாள் என்னிடம் வந்து நின்றாள். நல்ல பெண், மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாது. "அண்ணே, அவுகளப் பாத்தா எனக்குப் பயமா இருக்குண்ணே. அவுக நல்லவுகதான், நான் இல்லேங்கல. அவுக தொட்ட பாத்திரத்த நான் ரெண்டு தடவ கழுவுறேன். பாவம்னு தெரியுது, கை கழுவிருது. இவனுக்குக் கவுண்டு எறங்குற அன்னைக்கெல்லாம் அவுக மொகம்தான் முன்னால வருது." அவளுடைய பையன் அஸ்வத்துக்கும் அதே வியாதிதான், கோபிகா வயதுதான். எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை, அச்சாபீஸ், சினிமா கொட்டகை, ஏடிஎம் வாசல் என்று ராத்திரிகளை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தவன். பயப்படாதீங்க என்று சொல்ல எனக்கு என்ன தகுதி. சொல்லவும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வெயில் சாக்குக்குள் ஊசி ஊசியாக வருகிறது. ஒரு ஊசி கட்டில் காலைத் தாண்டி நகர்ந்திருக்கிறது, மணி ஒன்பதரை இருக்கும். கண்ணுக்குள் மணல். தூக்கம் கண் வரைக்கும் வந்து நிற்கிறது, உள்ளே வரமாட்டேன் என்கிறது. அந்த வார்த்தைக்கு உண்மையிலேயே சக்தி இருக்கிறதா என்று யோசிக்கிறேன். இல்லை. மேடம் வருவதற்கு முன்னால் இந்த வழக்கமே கிடையாது, அப்போது நானே எத்தனை பேருக்கோ போயிட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பையன் திரும்பியும் வந்தான், ஆரணிப் பையன், பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு மீசை முளைத்து, கையில் மைசூர்பாகு டப்பாவோடு வந்தான், என்னைப் பார்த்து என்ன அங்கிள் கிழவனாயிட்டீங்க என்றான். அப்படியும் திரும்பி வரலாம்தானே. ஆனால் இன்னொரு பக்கம், அவள் வந்துவிட்டாளே. நான் சொன்னேன், அவள் வந்தாள். இதைவிடச் சக்தி எதற்கு இருக்கிறது. சரி, ஹாஜியார் கேட்டால் என்ன சொல்வது. வாய் தவறிச் சொன்னேன் ஹாஜியார், அந்தம்மா அதை நிஜமாக எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். அது உண்மை. சொன்னால் என் மேல் தப்பில்லை, அவள் மேலும் தப்பில்லை, பேச்சுப் பழக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பஸ் ஏற்றிவிடலாம். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து. இதைப் படமாகப் பார்க்கிறேன். பஸ் நகர்கிறது, அவள் ஜன்னல் வழியாக ஏதோ சொல்ல வருகிறாள், நான் என்ன பதில் சொல்வேன், இந்த முறை சரியாக வாயை மூடிக்கொண்டு நிற்பேனா. அங்கே வந்ததும் நினைப்பு மாட்டிக்கொள்கிறது, மறுபடி கேட்டிலிருந்து ஆரம்பிக்கிறது. அவள் பாயைச் சுருட்டுகிறாள், பையை எடுக்கிறாள், வைக்கிறாள். அப்படியே அவள் இருந்துவிட்டால் முத்துமாரி என்ன செய்வாள், அவள் பயமும் பயம்தானே, அவளும் பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதானே அவ்வளவு தூரத்திலிருந்து வந்து கிடக்கிறாள். புரண்டு படுத்தேன். சுவரிலிருந்து உப்பு முகத்தில் கொட்டியது. கீழே ஆட்டோ வந்து நின்றது, ஒரு இருமல் கேட்டது. ஹாஜியாருக்குக் கார் இருக்கிறது, இந்தச் சந்துக்குள் கார் கொண்டுவந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிற ஆட்டோக்களுக்கு வழி இருக்காது என்று ஆட்டோவில்தான் வருவார்.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஹாஜியார் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வா தணிகாசலம். கண்ணு ரெண்டும் கொவ்வப்பழமா இருக்குதே. எழுப்பிட்டோமா?" "தூங்கல ஹாஜியார்." "ராத்திரியும் தூங்கல, பகல்லயும் தூங்கல. சம்பளம் ரெண்டா கேப்ப போலிருக்கே." நான் சிரிக்கப் பார்த்தேன். ஜெசிந்தா மேடம் நின்றபடியே சொன்னார், குரலை உயர்த்தவில்லை, "எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு வருத்தமும் இல்லீங்க ஹாஜியார். எல்லா வேலையும் செய்யுது. ஆனா இங்க வர்ற ஒவ்வொரு அம்மாவும் என் பிள்ளை பொழச்சிரும்னு நினைச்சுக்கிட்டுத்தான் காலையில அடுப்பு பத்த வைக்குது. பக்கத்து அடுப்புல இது நிக்குது. அதுங்க என்ன செய்யும்? நீங்க எழுதி வச்சதுலயும் இதுக்கு இடம் இல்ல." ஹாஜியார் தாடியைத் தடவினார். சத்தியவாணி சமையல் கூடத்து நிலையில் நின்றாள், கையில் ஈரம் சொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பின்னால் அடுப்பருகே முத்துமாரி முதுகைக் காட்டி நின்றிருந்தாள், கரண்டி நகரவில்லை. "ஊர்ல யாரும் இல்லையாம்மா?" என்றார் ஹாஜியார். "இருக்காங்க ஐயா. மாமியாரு, நாத்தனாரு, எல்லாரும் இருக்காங்க. நல்லாத்தான் பாத்துக்கிறாங்க." "பின்னே?" அவள் யோசித்தாள். "அங்க யாருக்கும் கவுண்டுன்னா என்னன்னு தெரியலைங்க. பாப்பாவுக்குக் கவுண்டு எறங்கிடுச்சின்னு பேச்சு எடுத்தா, எந்தக் கவுண்டருன்னு கேக்குறாங்க." ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார், அவளும் லேசாகச் சிரித்தாள், மேடம் மட்டும் சுவரைப் பார்த்தார், அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "சரிம்மா. இங்க வரச் சொல்லி யாராவது சொன்னாங்களா, நீயா வந்தியா?" சத்தியவாணி என் பக்கம் திரும்பவில்லை. கண்ணைக்கூடத் திருப்பவில்லை. நானா வந்தேன் என்று சொல்லப்போகிறாள், உதடு பிரிந்தது, சொல்லிவிட்டால் எல்லாம் சுலபம், எனக்கும் சுலபம். வாய் தவறி என்று நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் முழுசாக நாக்கில் இருந்தது. "நான்தான் வரச் சொன்னேன் ஹாஜியார்" என்றேன். மேடம் திரும்பினார். "நீங்களா? எப்போ?" "ஊருக்குக் கிளம்பும்போது. வாங்கன்னு சொன்னேன்." பொய் இல்லை. சொன்னேன். அன்றைக்குச் சொன்னதை இன்றைக்குத்தான் மனசோடு சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "அப்ப உன் விருந்தாளி" என்றார். "ஏன் ஜெசிந்தாம்மா, வாட்ச்மேனுக்கு விருந்தாளி வரக் கூடாதுன்னு நான் எங்கயாவது எழுதி வச்சிருக்கேனா?" "அப்படி எழுதலீங்க, ஆனா விருந்தாளின்னா..." "எங்க வழக்கத்துல விருந்துக்கு மூணு நாள் கணக்கு. அதுக்கு மேல தங்கினா போடுற சோறு விருந்து இல்ல, சதகா. தர்மம்." "மூணு நாள் எப்பவோ தாண்டிருச்சு ஹாஜியார்" என்றார் மேடம். "தாண்டிருச்சா? அப்ப தர்மம்னே வச்சிக்குங்க." தன் பேச்சு தனக்கே பிடித்துப்போன மாதிரி முட்டியைத் தட்டினார், உடனே முகம் மாறியது. "ஆனா ஒண்ணு. இந்த வீட்டு அரிசியில ஒரு பிடி இவங்களுக்கு எடுக்கக் கூடாது, அது நான் வேற விஷயத்துக்குக் குடுத்தது, அதுல எனக்கு உரிமை இல்ல. இவங்க சாப்பாட்டுக்கு என் வீட்டுலேருந்து தனியா வரும். எவ்வளவு நாளானாலும் வரும்." பணக்காரர்கள் கொடுக்கும்போது கை எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன், மேலே நிற்கும். இவர் கை முட்டியின் மேலேயே கிடந்தது. மேடம் மெதுவாகக் கேட்டார், "பயப்படுறவங்களுக்கு என்ன சொல்றதுங்க?" "அது எனக்குத் தெரியலம்மா" என்றார். "அது பணத்துல தீர்ற விஷயமா இருந்தா நான் எப்பவோ செஞ்சிருப்பேன்." அப்போது சத்தியவாணி பேசினாள், நிலையை விட்டு நகராமல், "அண்ணனுக்கும் உங்களுக்கும் கோடிப் புண்ணியம் ஐயா. ஆனா பிள்ளை வச்சிருக்கிற ஒரு அம்மா வேணாம்னு நெனச்சாலும் நான் இருக்க மாட்டேன். சாயந்திரம் வரைக்கும் பாக்குறேன். முத்துமாரிக்குக் கஷ்டமா இருந்துச்சின்னா பஸ் ஏறிடுறேன். யாரும் அவளைக் கேக்க வேணாம்." முத்துமாரி திரும்பவில்லை. அடுப்பைத் தணிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மேலே வந்து படுத்துவிட்டேன். ஹாஜியார் போன ஆட்டோ சத்தம் தெருவோடு கரைந்தது. நான் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது, இனிமேல் கீழே நடப்பது என் கையில் இல்லை, ஹாஜியார் கையிலும் இல்லை. தூங்கு என்று சொல்லிக்கொண்டேன். அந்தச் சமையல் கூடம் எனக்கு நேர் கீழே. தோலைத் தூக்குவதற்கு அந்தக் காலத்தில் வைத்த ஓட்டை ஒன்று தளத்தில் இருக்கிறது, பலகை போட்டு மூடியிருக்கிறார்கள், ஆனாலும் பேச்சு ஏறி வரும். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம். கத்தி, பலகையில். பிறகு கத்தி நின்றது. ஒருத்தி பேசாமல் இருப்பது ஒரு மாதிரி கேட்கிறது, இரண்டு பேர் பேசாமல் இருப்பது வேறு மாதிரி கேட்கிறது. இது இரண்டு பேர். முத்துமாரி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். காலடி கேட்குமா என்று காதைத் தலையணையிலிருந்து எடுத்துக்கொண்டேன். "அக்கா" என்று முத்துமாரியின் குரல் வந்தது. "ஒங்க பாப்பா கடைசியா என்ன திங்கக் கேட்டுச்சு?" இந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. போனவர்களைப் பற்றிப் போன பிறகு பேசுவதில்லை, பேசினால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். சத்தியவாணி உடனே பதில் சொன்னாள், அத்தனை நாளும் அதற்காகவே காத்திருந்த மாதிரி, "புரோட்டா கேட்டா. கடைப் புரோட்டா, சால்னா ஊத்தி." "குடுத்தீகளா?" "இல்ல. கவுண்டு இல்ல, வெளிச் சாப்பாடு ஆவாதுன்னு சொல்லிட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னு சொன்னேன்." கத்தி மறுபடி ஓடியது, கொஞ்ச தூரம் ஓடி நின்றது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், அது யார் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. "இவன் மீன் கொழம்பு கேக்குறான்க்கா" என்றாள் முத்துமாரி. "நாலு நாளா கேக்குறான். மீன் தின்னு வளந்த பய, வேற என்னத்தக் கேப்பான். எனக்குக் குடுக்கப் பயம்." "இன்னிக்குக் கவுண்டு எவ்ளோ?" முத்துமாரி சொன்னாள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "அது போதும். வீட்ல வெக்கிற கொழம்புதான, நல்லாக் கொதிக்கவிட்டா குடுக்கலாம், டாக்டரும் அதான் சொல்வாரு. நீ புளிய ஊற வை. நான் போயி சங்கரா வாங்கியாறேன்." "சங்கரா முள்ளுக்கா. அவன் வாயெல்லாம் புண்ணு." "முள்ள நான் கையால பாத்து எடுத்துத் தரேன்." தெருவில் ஒரு கைவண்டி போனது. சத்தியவாணியின் கை, அந்தக் கை தொட்ட பாத்திரத்தை இரண்டு முறை கழுவுகிறவள், அந்தக் கை பிட்டுக் கொடுக்கிற மீன், பையன் வாய்.

"சின்ன முள்ளுகூட இருக்கக் கூடாதுக்கா" என்றாள் முத்துமாரி.